கலரம்மாவின் திரை

பழைய புகைப்படங்களைச் சரிசெய்து கொடுப்பதுதான் அவளுடைய வேலை. கிழிந்தது, கறை பிடித்தது, நிறம் வெளுத்து முகமே தெரியாமல் போனது என்று எது வந்தாலும், அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு, மூக்கும் முழியுமாக ஆளை மீட்டுக் கொண்டுவந்துவிடுவாள். கடைத்தெருவில் இருந்த ஸ்டுடியோக்காரர்தான் அவளுக்கு வேலை அனுப்புவார். கலரம்மா என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்தக் காலத்தில் போட்ட சட்டை என்ன நிறம் என்று போட்டவருக்கே ஞாபகம் இருக்காது, கலரம்மாவுக்குத் தெரியும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அவள் மறுத்தாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

வீட்டில் அவள், பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்த கணவர், கல்லூரியில் படிக்கும் மகள் குட்டி. கணவருடைய தம்பியும் படிப்பு முடியும்வரை இவர்களோடுதான் இருந்தான். வீட்டில் எல்லோருக்கும் அவன் சின்னவன். இப்போது தனியாக அறை எடுத்துக்கொண்டு வீடியோ எடிட்டிங் செய்துகொண்டிருந்தான். படத்தைக் கையாளும் நுணுக்கத்தை அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவள் கலரம்மா. அவளுடைய கம்ப்யூட்டரை உதிரி உதிரியாக வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தவன் அவன். அதில் ஒரு நல்ல டிஸ்ப்ளே கார்டைப் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவன்தான். "மத்ததெல்லாம் சுமாரா இருந்தாலும் பரவாயில்ல அண்ணி, திரைக்குப் படத்தை அனுப்புறதே இதுதான். இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றான். உள்ளே இரண்டு விசிறிகளோடு, சின்னச் செங்கல் கனத்தில் இருந்தது அந்தக் கார்டு.

கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது. எழுந்திருக்கவே நேரம் எடுக்கும். ஆனால் திரையில் வரும் நிறம் அப்படியே தாளில் வரும். அவளுக்கு அது போதும்.

அந்த வருடத் தொடக்கத்தில் சின்னவன் ஒரு நாள் வந்து, ஒரு விளம்பரக் கம்பெனியில் சோதனைக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள், தன் மெஷின் திணறுகிறது, கார்டைக் கொஞ்ச நாளைக்குக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அப்போது அவள் கையில் நிறைய வேலை இருந்தது. இது முடியட்டும் தம்பி, முடிந்ததும் எடுத்துக்கொள் என்றாள். அவனும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

சில நாட்களில் அவளுடைய அக்கா படிக்கட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. இருந்த வேலைகளை அவசரமாக முடித்துக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனவள், அக்கா கைத்தடி பிடித்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தாள். அதற்குள் ஸ்டுடியோக்காரர் இரண்டு உறை நிறையப் படங்கள் அனுப்பி வைத்திருந்தார். பெரிய வேலை ஒன்றும் வந்திருக்கிறது, நூலகத்தின் பழைய படங்கள் முழுவதையும் புதுப்பிக்க வேண்டுமாம், அதை உங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை சமையலை முடித்துவிட்டு ஆசையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. ஆனால் வழக்கமாக முதலில் வரும் கம்பெனிச் சின்னம் வரவில்லை. திரை இருட்டாகவே இருந்தது. 'சிக்னல் இல்லை' என்ற சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை நகர்ந்துகொண்டிருந்தது. அணைத்துவிடலாமா என்று கையைக் கொண்டுபோகையில் பட்டென்று படம் வந்தது. வந்த படம் அவளுடைய படமாக இல்லை. எழுத்தெல்லாம் வீங்கிப்போய், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. பழக்கமான ஒரு முகத்தைத் திறந்து பார்த்தாள். கன்னத்தில் இழையாக இறங்க வேண்டிய நிழல் படிப்படியாக இறங்கியது. தோலில் ஒரு சிவப்பு ஏறியிருந்தது.

அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்துத் திரும்பச் செருகினாள். திரையின் ஒயரை முன்பக்கத்திலிருந்து எட்டி அழுத்தினாள். மேசை சுவரோடு ஒட்டிக் கிடந்ததால் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கை போகவில்லை. மறுபடி பொத்தானை அழுத்தியபோது படமே வரவில்லை. ஒரு நீண்ட பீப், இரண்டு குட்டிப் பீப் சத்தம் மட்டும் வந்தது. அப்படி வந்தால் டிஸ்ப்ளே கார்டில் கோளாறு என்று போனில் தேடிக் கண்டுபிடித்தாள். உடனே சின்னவனை அழைத்தாள்.

அன்று மாலையே வந்துவிட்டான். கணவரும் வேலையிலிருந்து வந்து, காபியோடு கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சின்னவன் மேசையைக் கொஞ்சம் இழுத்து, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அவளுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்தான். உள்ளே கைவிட்டு எதையோ அழுத்தினான். மெமரியை எடுத்து ரப்பரால் தேய்த்துத் திரும்பப் போட்டான். தூசியை ஊதினான். மூடியைப் பூட்டி மேசையைத் தள்ளிவிட்டு இயக்கினான். இந்த முறை பீப் சத்தம் இல்லை. இருட்டாகவே கிடந்து பிறகு படம் வந்தது.

"கார்டு நல்லாத்தான் இருக்கு அண்ணி, நான் பாத்துட்டேன்" என்றான். "மதர்போர்டுக்கு வயசாயிடுச்சு. அதான் ஆரம்பத்துல கொஞ்ச நேரம் படம் வரல. வந்ததும் வேலை செய்யுதுல்ல, விடுங்க."

எழுத்து இப்படிக் கலங்கலாக இருக்கிறதே என்று அவள் கேட்டாள். அவன் திரையைக் கூர்ந்து பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"எனக்குத் தெளிவா இருக்கே அண்ணி."

கணவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையாம். இத்தனை நாள் அக்கா பக்கத்தில் சரியான தூக்கம் இல்லாமல் கிடந்தாயே, கண்ணுக்கு ஓய்வு வேண்டாமா என்றார். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த குட்டியைக் கூப்பிட்டாள். குட்டி வாசலிலேயே நின்றாள்.

"இங்க வந்து பாரு. இந்த எழுத்து உனக்கு எப்படித் தெரியுது?"

குட்டி பார்த்தாள். "எனக்கு நல்லாத் தெரியுதும்மா" என்றாள். சொல்லிவிட்டு உடனே போய்விட்டாள்.

மற்றவர்கள் சொன்னதை அவள் தள்ளியிருப்பாள். குட்டி சொன்னதை அவளால் தள்ள முடியவில்லை. சட்டையில் தெறித்த மைப்புள்ளியைக்கூட வாசலிலிருந்தே கண்டுபிடிக்கிற பெண் அவள். போனில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறதே என்று கணவரிடம் கேட்டுப் பார்த்தாள். போன் கைக்குள் இருப்பது, திரை தள்ளி இருப்பது, கிட்டப்பார்வை வேறு தூரப்பார்வை வேறு என்று அவர் விளக்கம் சொன்னார். பொருத்தமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு தன் கண்ணை நம்பாமல் வேலை செய்யப் பழகினாள். நாற்காலியை முன்னால் இழுத்துப் பார்த்தாள். விளக்கை மாற்றிப் பார்த்தாள். தோலில் தெரிந்த சிவப்பை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று யோசித்து யோசித்துக் குறைத்தாள். முன்பு ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை இப்போது நாள் முழுக்க இழுத்தது. மாலையில் தலை வலித்தது. கணவர் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்து அவரே போட்டுவிட்டார். தெருவைக் கடக்கும்போது அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் அப்படிப் பிடித்ததில்லை. கண் போனால் போகட்டும், மனுஷர் இப்படிப் பார்த்துக்கொள்கிறாரே என்று நினைத்தாள்.

ஸ்டுடியோக்காரர் ஒரு நாள் நேரில் வரச் சொன்னார். கடையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். இறந்துபோன கணவருடைய படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தவள். அச்சாகி வந்த படம் மேசைமேல் கிடந்தது. முகத்தில் பச்சை ஏறி, நாள்பட்ட நோயாளிபோல் இருந்தார் அந்த மனிதர். அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. "இவர் இப்படி இருந்ததே இல்லம்மா" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பெண்மணி போன பிறகு ஸ்டுடியோக்காரர், இதே மாதிரி இன்னும் சில படங்கள் வந்திருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கலரம்மா தலையைக் குனிந்துகொண்டு, தன் கண்ணில் கோளாறு என்றாள். நூலகத்து வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள்தான் பிடிவாதமாக மறுத்துவிட்டு, கையிலிருந்த உறைகளையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டில் கணவரிடம் சொன்னாள். போகட்டும் விடு, உடம்பைவிட வேலை பெரிதா என்றார்.

கண் டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அடுத்த வாரம் போகலாம் என்று அவர் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் அவள் யாரிடமும் சொல்லாமல் தனியாகவே போனாள். டாக்டர் நிதானமான பெண்மணி. எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், நிறப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்களைச் சொல்லச் சொன்னார். கலரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். வெளிறிய பச்சைக்குள் வெளிறிய மஞ்சளில் இருந்த எண்ணைக்கூடச் சொன்னாள்.

"உங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லம்மா" என்றார் டாக்டர். "கண்ணாடி நம்பர்கூட மாறல. நிறம் பிரிச்சுப் பாக்குறதுல நீங்க என்னைவிடக் கெட்டி. எதைப் பாக்கும்போது கலங்கலாத் தெரியுதுன்னு சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர் திரை."

"அப்ப திரையைக் காட்டுங்க யார்கிட்டயாவது."

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். பேருந்தில் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தாள். கடைகளின் பெயர்ப்பலகைகள், மரத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டி, எதிர்ப்பக்கப் பேருந்தின் எண் எல்லாம் கூர்மையாகத் தெரிந்தன. இவை இத்தனை நாளும் இப்படித்தானே தெரிந்தன என்று நினைத்துக்கொண்டாள். கண் சரி என்றால் திரை சரியில்லை. திரை சரியில்லை என்றால், பார்த்த மூன்று பேரும் தெளிவாக இருக்கிறது என்று எப்படிச் சொன்னார்கள்? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து வந்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. மேசைமேல் இருந்ததையெல்லாம் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, மேசையைச் சுவரிலிருந்து முழுதாக இழுத்தாள். கம்ப்யூட்டரின் பின்னால் நீலத் தலை வைத்த ஒயர் ஒன்று திருகிப் பூட்டியிருந்தது. தன் கார்டுக்கென்று அவள் கடையில் கேட்டு வாங்கிய ஒயரின் தலை வெள்ளை. அது மேசைக்கு அடியில் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தது.

மூடியைக் கழற்றினாள். இரண்டு விசிறி வைத்த அந்தக் கனத்த கார்டு இருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய கார்டு செருகியிருந்தது. விசிறியே இல்லை. அதைப் பிடித்து இழுத்தபோது எளிதாக வந்துவிட்டது. சரியாகப் பொருந்தாமல் தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அன்றைக்குச் சின்னவன் முதுகைக் காட்டிக் குனிந்து அழுத்தியது இதைத்தான். அழுத்திவிட்டுத்தான் கார்டு நல்லாத்தான் இருக்கு அண்ணி என்றான்.

இதுவும் நல்ல கார்டாக இருக்கலாம் என்று இன்னும் ஒரு நப்பாசை இருந்தது அவளுக்கு. கார்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, பழைய உதிரிகள் விற்கும் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் திருப்பிப் பார்த்துவிட்டு, எப்போதோ அலுவலகங்களில் கணக்கு எழுதும் மெஷின்களில் இருந்த சாமான் இது என்றார். உங்கள் திரையின் அளவுக்கு இது ஈடுகொடுக்காது, எழுத்து கலங்கும், நிறம் திரியும், தொடங்கும்போது படம் வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார். கார்டில் பழுது ஒன்றும் இல்லையாம். அதன் சக்தியே அவ்வளவுதானாம்.

குட்டி கல்லூரியிலிருந்து வந்தபோது மேசை நடு அறையில் நின்றது. அதன்மேல் அந்தக் கார்டு இருந்தது. கலரம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குட்டி பையைக்கூடக் கழற்றாமல் அழ ஆரம்பித்துவிட்டாள். கேட்பதற்கு முன்பே எல்லாம் வந்துவிட்டது. அம்மா ஊரில் இல்லாதபோது சித்தப்பா வந்து கழற்றினார், நான் இங்கேதான் இருந்தேன், அண்ணி வருவதற்குள் திரும்பப் பூட்டிவிடுவேன் என்றார், அப்புறம் அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, தொடர்ந்து வேலை வந்ததால் கழற்ற முடியவில்லை.

"உன்கிட்ட நான் கேட்டேனே குட்டி. எழுத்து எப்படித் தெரியுதுன்னு கேட்டேனே."

"அப்பா அப்படிச் சொல்லச் சொன்னாரும்மா. ரெண்டு வாரத்துல சரியாயிடும், அதுக்குள்ள எதுக்கு வீட்டுல சண்டைன்னாரு."

"நான் வேலைய விட்டுட்டு வந்து நின்னப்ப?"

குட்டி பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

கணவர் வந்தவுடன் புரிந்துகொண்டார். முதலில் கொஞ்சம் குரலை உயர்த்திப் பார்த்தார். தம்பியின் வாழ்க்கைப் பிரச்சினை, ஒரு வாய்ப்பு வந்தால் விடமுடியுமா, உன்னைக் கேட்டபோது நீதானே இல்லை என்றாய் என்றார். கையில் வேலை முடியட்டும் என்றுதானே சொன்னேன் என்று அவள் கேட்டதும் குரல் இறங்கிவிட்டது. அவன் நாளைக்கு நாளைக்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தான், முதல் நாள் ஒரு பொய் சொல்லிவிட்டோம், பிறகு அதை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை என்றார். கடைசியில், நீ வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்காகச் செய்கிற வேலைதானே, கொஞ்ச நாள் தள்ளிப்போனால் என்ன என்று நினைத்துவிட்டேன் என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை.

"கார்டு ஒரு சாமான். அதை எடுத்ததைக்கூட மறந்துடுவேன்" என்றாள். "என் கண்ணு கெட்டுப்போச்சுன்னு என்னையே நம்ப வெச்சீங்க. மருந்து வாங்கிட்டு வந்து ஊத்துனீங்களே, அப்ப உங்க கை நடுங்கலயா? ரோட்டுல கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனீங்களே."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் சின்னவன் புத்தம்புதுக் கார்டு ஒன்றைப் பெட்டியோடு கொண்டு வந்தான். அண்ணி என்று ஏதோ ஆரம்பித்தான். அவள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. என் கார்டு எனக்கு வேண்டும், அது போதும் என்றாள். அவன் போய் எடுத்து வந்தான். நானே பூட்டிக் கொடுக்கிறேன் என்று அவன் கையை நீட்டியபோது, வேண்டாம் தம்பி, இனிமேல் இதன் மூடியை நீ திறக்காதே என்றாள். அவன் கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

அவளே பூட்டினாள். முதல் தடவை சரியாக உட்காரவில்லை. பீப் சத்தம் வந்தது. கழற்றி, எதிர்முனையில் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தினாள். மின்சார ஒயரை அதன் முதுகில் செருக மறந்துபோய், அதையும் கண்டுபிடித்துச் செருகினாள். வெள்ளைத் தலை ஒயரைப் பிரித்து மாட்டினாள். பொத்தானை அழுத்தியதும் கம்பெனிச் சின்னம் வந்தது, ஓரம் சிதறாமல், பளிங்குபோல. இறந்துபோன அந்த மனிதரின் படத்தைத் திறந்தாள். தான் செய்திருந்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு முழுதாகத் தெரிந்தது. அவர் முகத்தில் இருந்த உயிரையெல்லாம் சிவப்பு என்று நினைத்துத் துடைத்து எடுத்திருந்தாள். அதைப் பார்த்துத்தான் அழுதாள்.

அழுது முடித்து, அன்றே அந்தப் படத்தை முதலிலிருந்து செய்தாள். ஸ்டுடியோக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கண்ணில் ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில்தான் கோளாறு இருந்தது என்று சொன்னாள். யார் செய்த கோளாறு என்று சொல்லவில்லை. அவரும் தோண்டிக் கேட்கவில்லை. நூலகத்து வேலை வேறொருவர் கைக்குப் போய்ப் பாதி முடிந்துவிட்டிருந்தது. அது திரும்பி வரவில்லை. ஆனால் ஸ்டுடியோ மாடியில் சும்மா கிடந்த சின்ன அறையை அவள் கேட்டபோது அவர் மறுக்காமல் சாவியைக் கொடுத்தார். இனி அங்கேயே உட்கார்ந்து வேலை செய்வது என்று முடிவு செய்துவிட்டாள். கணவர் எதற்கு இதெல்லாம் என்று கேட்டுப் பார்த்தார். காலையில் போய் மாலையில் வந்துவிடுவேன், சமைத்து வைத்துவிட்டுத்தான் போவேன் என்றாள். சொட்டு மருந்துப் புட்டியை ஏற்கெனவே அவர் எங்கோ எடுத்துப் போட்டுவிட்டிருந்தார்.

சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது குட்டி கூட வந்தாள். திரையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில், அம்மா, இன்னும் என்மேல் கோபமா என்று கேட்டாள்.

பொய் சொல்லி மகளைத் தேற்றக் கலரம்மாவுக்கு வாய் வரவில்லை.

"கோவம் போயிடும்" என்றாள். "ஆனா இனிமே நீ ஒண்ணு நல்லா இருக்குன்னு சொன்னா, நான் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுப் பாப்பேன். அது எப்பப் போகும்னு எனக்குத் தெரியலடி."

குட்டி திரையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஸ்டுடியோ வாசலில் நின்றது. ஸ்டுடியோக்காரர் வெளியே வந்து மேசையைத் தூக்க ஆள் பிடித்துக் கொடுத்தார். அம்மாவும் மகளும் திரையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, குறுகலான படிகளில் ஒருவர் பின்னோக்கியும் ஒருவர் முன்னோக்கியுமாக மெதுவாக ஏறினார்கள்.